விட்டுக்கொடுப்பது யார்?



நம் கோவில்பட்டிப் பக்கம் காசைத் 'துட்டு' என்போம். அது டச்சுக்காரர்களின் 'டுயிட்' என்ற செப்புக்காசின் பெயர். 1658-ல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர்கள், 1825-ல் ஒரேயடியாக ஆங்கிலேயர் கைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். துட்டு இங்கேயே தங்கிவிட்டது. அவர்களுடைய மரபுத்தொடர் ஒன்றும் தங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

'திராட்சை மதுவில் தண்ணீர் ஊற்றுவது' என்பது அந்தத் தொடர். பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்தி ஒத்துப்போவது என்று பொருள். கூட்டணி ஆட்சி பேசும்போதும் சொல்வார்கள், புருஷன் பெண்டாட்டி பேச்சிலும் சொல்வார்கள். நமக்குத் தண்ணீர் ஊற்றுவது என்றாலே பாலில் கலப்படம்தான் ஞாபகம் வரும். அவர்களுக்கும் மது சப்பென்று ஆகிவிடும் என்று தெரியும். ஆனாலும் இரண்டு பேரும் குடிக்கலாம்.

இதில் எனக்குப் பிடித்தது, அவரவர் தன் மதுவில்தான் ஊற்ற வேண்டும் என்பது. 1982-ல் அந்த நாட்டின் வாசெனார் என்ற ஊரில் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். சம்பள உயர்வைக் கட்டுப்படுத்திக்கொள்ளச் சங்கங்கள் சம்மதித்தன. வேலை நேரத்தைக் குறைப்பதற்கு முதலாளிகள் இசைந்தார்கள். இரண்டு கோப்பையிலும் தண்ணீர்.

நம்மிடமும் 'விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை' என்ற நல்ல பழமொழி இருக்கிறது. கரிசலில் பக்கத்துப் பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் பொழியில் ஆளுக்கு ஒரு முழம் விட்டால் இருவருக்கும் வண்டிப்பாதை கிடைக்கும். அது விட்டுக்கொடுத்தல். ஆனால் அந்தப் பழமொழியை யார் யாருக்குச் சொல்கிறோம் என்று பாருங்கள். பெரும்பாலும் மருமகளுக்கு, கூலிக்காரருக்கு, கூடப் பிறந்தவளுக்கு.

பெண்பிள்ளைகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தரும் சட்டத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் 2005-ல் வந்தது. இருந்தும் இன்றும், "அண்ணன்தானே தாயி, விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுரு. நாளைக்கு ஒண்ணுன்னா அவன்தானே வரணும்" என்கிறோம். அவள் எழுதிக்கொடுக்கும் பத்திரத்துக்குப் பெயர் 'விடுதலைப் பத்திரம்'! அவள் மனமுவந்து கொடுத்தால் அது அவள் பிரியம். பிறந்த வீட்டு வாசல் அடைத்துவிடுமோ என்று பயந்து கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு.

'விட்டுக்கொடு' என்ற சொல்லுக்கு நம் பேச்சில் இன்னொரு முகமும் உண்டு. "ஆயிரம் இருந்தாலும் என் தங்கச்சியை யார்கிட்டயும் விட்டுக்கொடுக்க மாட்டேன்" என்கிறோம் இல்லையா? அந்த வீரத்தைப் பத்திரப்பதிவு அலுவலகத்திலும் காட்டலாமே.

சமாதானம் பேசப் போகிற பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். "கொஞ்சம் விட்டுக்கொடும்மா" என்று சொல்வதற்கு முன்னால் எதிரே இருப்பவரைப் பார்த்து, "நீ எவ்வளவு ஊத்தப் போற?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரே கோப்பையில் திரும்பத் திரும்ப ஊற்றினால் அதில் கடைசியில் தண்ணீர்தான் இருக்கும்.

உங்கள் வீட்டில் எப்படி? பின்னூட்டத்தில் எழுதுங்கள்.