பூட்டு யாருக்கு?

'ஹேர்ஸ்ப்ரே' பார்த்த திண்டிவனம் மாணவத் தோழர்கள், "செம ஜாலி! கடைசியில் கறுப்பர், வெள்ளையர் எல்லாரும் சேர்ந்து ஆடிட்டாங்க" என்றார்கள். நாங்களும் சிரித்துத்தான் பார்த்தோம். ஆனால் படத்துக்கு மூலமான பால்டிமோர் டிவி நடன நிகழ்ச்சியில் நடந்தது வேறு. சேர்த்து ஆடவிட மனமில்லாமல், 1964இல் நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டார்கள்.

நமக்கு இது புதிதா? விழுப்புரம் அருகே மேல்பாதியில், 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூனில் அதிகாரிகள் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். காரணம், சட்டம் ஒழுங்காம்! அடித்தவனுக்கும் அடிபட்டவனுக்கும் ஒரே பூட்டு. நம் மக்கள் உள்ளே போய்ச் சாமி கும்பிட 2025 ஏப்ரல் ஆனது, அதுவும் போலீஸ் காவலோடு.

படத்தை ரசியுங்கள், தோழர்களே. ஆனால் "பிரச்சினை வேண்டாம், மூடிவிடலாம்" என்று எவர் சொன்னாலும் விடாதீர்கள். பூட்டப்படுவது நம் உரிமை.