கதவைத் தட்டுகிறவர்கள்

சென்னைப் புறநகர் ரயிலில் குரோம்பேட்டை தாண்டினால் தாம்பரத்துக்கு முன்னால் ஒரு நிறுத்தம். 'ஒரு சானடோரியம்' என்று சொல்லித்தான் எல்லோரும் டிக்கெட் வாங்குகிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளும் ஏற்றுமதி வளாகத்துக்கு வேலைக்குப் போகிறவர்களும் அந்தப் பெயரை ஓர் ஊர்ப் பெயராகவே பழகிவிட்டார்கள். அதற்குள் எத்தனை பேரின் பெருமூச்சு இருக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. நினைக்காமல் இருக்க முடிகிறதே, அதுவே ஒரு நல்ல காலம்தான்.

டாக்டர் டேவிட் சௌரிமுத்து அங்கே காசநோயாளிகளுக்கான சானடோரியத்தைத் தொடங்கியது 1928-இல். இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தித் திரும்பியவர் அவர். நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு: அன்று உலகம் முழுவதும் காசநோய்க்கு இருந்த வைத்தியம் பெரும்பாலும் அவ்வளவுதான். எலும்புருக்கி என்று நம் பாட்டிமார் குரலைத் தாழ்த்திச் சொன்ன நோய் அது. நோய் வந்தவரின் தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைப்பார்கள். வீட்டில் கல்யாணப் பேச்சு நின்றுபோகும். எழுத்தாளர் புதுமைப்பித்தனை 1948-இல், 42 வயதில், இந்த நோய்தான் கொண்டுபோயிற்று. அவருக்குப் பிறகு 4 ஆண்டுகள் கழித்து, 1952-இல், ஐசோனியாசிட் மாத்திரை புழக்கத்துக்கு வந்தது. அந்த 4 ஆண்டுகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

மாத்திரை வந்துவிட்டது. ஆனால் நாட்டில் நோயாளிகள் பல லட்சம், ஆஸ்பத்திரிப் படுக்கைகளோ மிகச் சொற்பம். படுக்கை இல்லாதவரை என்ன செய்வது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தான் 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் திறக்கப்பட்டது. மத்திய, மாநில அரசுகளும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் கைகோத்த முயற்சி அது. வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் வழிநடத்தினார். நகரத்தின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல்முறையில் ஒரு பாதியை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறுபாதி அவரவர் வீட்டிலேயே இருந்தது. இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம்.

சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு கிடைத்தது, ஓய்வு கிடைத்தது, எடையும் கூடியது. வீட்டில் இருந்தவர்களோ நெரிசலான ஒற்றை அறையில், இருந்ததைச் சாப்பிட்டு, எழுந்து நடமாட முடிந்ததும் பிழைப்பையும் பார்த்தார்கள். 1959-இல் முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். வீட்டிலேயே வைத்திருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. நோயாளியை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்ட காலம் அந்த முடிவோடுதான் முடியத் தொடங்கியது.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மருந்தைப் பற்றிப் பேசி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வேறொன்றுதான் பெரிதாகப் படுகிறது. ஐசோனியாசிட்டோடு சேர்த்துக் கொடுத்த பி.ஏ.எஸ். லேசான மருந்தல்ல. ஒரு நாளைக்குக் கிராம் கணக்கில் விழுங்க வேண்டும். குமட்டும், வயிற்றைப் புரட்டும். இரண்டு மூன்று மாதத்தில் இருமல் நின்று, முகம் தெளிந்து, ஆள் தேறிவிடுவார். ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கும். 'அதான் சரியாயிடுச்சே' என்று தோன்றிய பிறகும் மிச்ச மாதங்களுக்கு அந்த மருந்தை ஒரு மனிதர் எப்படி விழுங்குவார்?

சேத்துப்பட்டுக்காரர்கள் இதைத்தான் யோசித்தார்கள். வாரம்தோறும் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அதோடு விடவில்லை. சுகாதாரப் பார்வையாளர்கள் சந்து சந்தாகப் போய், சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தட்டினார்கள். மிச்சம் இருக்கும் மருந்தை எண்ணினார்கள். மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சிறுநீரில் பார்த்தார்கள். இதைக் கண்காணிப்பு என்றுதான் அறிக்கைகள் எழுதும். வாஸ்தவம்தான். ஆனால் உறவுக்காரர்களே வாசலோடு நின்றுகொண்ட நோய் அது. அந்த வீட்டுக்குள் ஒருவர் வந்து நின்று, 'நேத்து சாப்பிட்டீங்களா' என்று கேட்பதற்குக் கண்காணிப்பு என்பது மட்டுமே பெயராகிவிடுமா? சானடோரியத்தில் வேளாவேளைக்குச் சோறு கிடைத்தும், வீட்டு நினைப்புத் தாங்காமல் பாதியிலேயே கிளம்பிப் போனவர்கள் இருந்தார்கள். மனுஷ முகம் இல்லாமல் முட்டையும் பாலும் மட்டும் எத்தனை நாளைக்கு ஒருவரைப் பிடித்து வைக்கும்?

அதே தாம்பரம் சானடோரியத்துக்கு 1990-களில் எச்.ஐ.வி. தொற்றோடு வேறு கூட்டம் வந்தது. மறுபடியும் தாழ்த்திய குரல்கள், தனித் தட்டுகள். 2004 ஏப்ரலில் அரசின் இலவசக் கூட்டு மருந்துகள் கொடுக்கத் தொடங்கியபோது முதலில் கிடைத்த இடங்களில் தாம்பரமும் ஒன்று. சாவு நோயாக இருந்தது நாள்பட்ட நோயாக மாறியது.

நாள்பட்ட நோய் உள்ளவருக்கு நாம் சுலபமாகக் கொடுத்துவிடுவது 'தைரியமா இருங்க' என்ற வார்த்தை. சொல்கிறவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் 3 நாள் காய்ச்சலுக்குப் பொருந்துகிற வார்த்தை 30 வருஷ நோய்க்குப் போதாது. அது கேட்கிறவரிடமே இன்னொரு வேலையைக் கொடுத்துவிட்டுப் போகிறது: இனி நோயையும் தாங்க வேண்டும், தைரியத்தையும் காட்ட வேண்டும். அடுத்த வாரமும் வருகிறவர்தான் நோயாளிக்கு வேண்டும்.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது எனக்குச் சேத்துப்பட்டு நினைவு வந்தது. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பராமரிப்பும் பிசியோதெரபியும் கிடைக்கின்றன. வீடு வீடாகப் போகிற மகளிர் தன்னார்வலர்களுக்குக் கொடுக்கும் தொகை அவர்கள் நடக்கும் நடைக்குக் காணாது. அதைக் கூட்டித் தர வேண்டும் என்று நான் அழுத்தமாகவே சொல்வேன். எத்தனை வீடு முடித்தாய் என்று எண்ணிக்கை கேட்டு அவர்களை விரட்டினால் மாத்திரை வந்து சேரும், மனுஷி வந்து சேரமாட்டாள்.

என் அம்மாவுக்குச் சர்க்கரையும் கொதிப்பும் வந்து 20 வருஷமாகிறது. மாத்திரைகளைப் பழைய பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறாள். நான் போனில் கேட்டால், 'எல்லாம் போட்டாச்சு' என்று ஒரே பதில். ஊருக்கு வருகிற தன்னார்வலப் பெண் போனில் கேட்பதில்லை. திண்ணையில் உட்கார்ந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள். "பெரியம்மா, ராத்திரி மாத்திரை ரெண்டு அப்படியே இருக்கே?" அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போய் மோர் எடுத்து வருவாள். அந்தப் பெண் குடித்து முடிக்கும்வரை அம்மா கால் எரிச்சலைப் பற்றியும், ராத்திரித் தூக்கம் வராததைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருப்பாள். என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை அதெல்லாம். அவள் வருகிற நாளில் அம்மா காலையிலிருந்தே வாசல் கதவைத் தாழ் போடுவதில்லை.