மோடி ஆவணங்களை மக்களிடம் கொண்டுசெல்வோம்

தஞ்சை சரசுவதி மகால் நூலகம் என்றதும் ஓலைச்சுவடிகளே நினைவுக்கு வருகின்றன. 1918இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட அந்நூலகத்தின் இன்னொரு செல்வம், மராட்டியர் ஆட்சி நிர்வாகத்தின் மோடி எழுத்து ஆவணக் கட்டுகள். அரண்மனைக் காகிதத்தில் ஊர் வரலாறு ஏது என்று கேட்கலாம். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். கட்டடம் மன்னரின் பெயரைச் சொல்கிறது. யாருக்குச் சோறு போட்டார்கள், அரிசி எங்கிருந்து வந்தது, வேலையாட்களுக்கு என்ன கூலி என்பவற்றைச் சத்திரக் கணக்குகளில்தான் தேட வேண்டும்.

இந்த ஆவணங்களின் மொழி மராத்தி, எழுத்தோ விரைந்து எழுதிய மோடி. படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. தமிழ்ப் பல்கலைக்கழகம் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டது நல்ல முன்னுதாரணம். பழைய தாள் கைபட்டால் நொறுங்கும், பூட்டிவைப்பதே பாதுகாப்பு என்ற அச்சம் நியாயமானதுதான். ஆனால் மின்படிமம் எடுத்துவிட்டால் மூலத்தைத் தொடாமலே படிக்கலாம். அது மட்டும் போதாது. படிப்பாரில்லாத படிமமும் பூட்டிய பெட்டியே. எனவே டெல்டா மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்று மாணவர்களுக்கு உதவித்தொகையுடன் மோடிப் பயிற்சி தர வேண்டும்; ஆவணங்களுக்கு ஊர்ப்பெயர் வாரியாகத் தமிழில் பட்டியல் வெளியிட வேண்டும். இந்த இரண்டையும் தமிழக அரசு தாமதமின்றித் தொடங்க வேண்டும்.