பிள்ளையார் சதுர்த்தியா, கணேஷ் பூஜையா?

நெட்ஃபிளிக்ஸில் 2020 ஏப்ரலில் வெளியான ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடர் நான்கு பருவங்கள் ஓடி, 2023-இல் முடிந்துவிட்டது. அதன் முதல் பருவத்து நான்காம் அத்தியாயத்தைப் பற்றி இப்போது எழுதக் காரணம், அது எழுப்பும் கேள்வி நான் வாழும் காஞ்சிபுரத்தின் பிழைப்போடு தொடர்புடையது என்பதே.

கலிஃபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண் தேவி விஸ்வகுமார். தந்தையை இழந்தவள்; தாய் நளினியோடு ஓயாமல் மோதுபவள். அந்த அத்தியாயத்தில் அவள் பாவாடை தாவணி உடுத்திக்கொண்டு, ஒரு பள்ளியில் நடக்கும் விழாவுக்கு வேண்டாவெறுப்பாகச் செல்கிறாள். இதெல்லாம் வெட்கக்கேடு என்பது அவள் எண்ணம். அங்கே சந்திக்கும் ஹரீஷ் என்ற கல்லூரி மாணவன், தானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்ததாகச் சொல்கிறான். தன் மரபைக் கூச்சமின்றிக் கொண்டாடும் அமெரிக்கப் பழங்குடி மாணவன் ஒருவனோடு ஒரே அறையில் தங்கியபோதுதான் அந்த எண்ணம் மாறியதாம்.

இந்தக் காட்சியின் அருமையை உணர, ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரின் கடைக்காரர் அபுவை நினைத்துப் பார்க்க வேண்டும். 1990 முதல் முப்பது ஆண்டுகள் ஹேங்க் அசாரியா என்ற வெள்ளையின நடிகரே அந்த இந்தியப் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்தார். அந்த உச்சரிப்பே நகைச்சுவையாக விற்றது. 2020 தொடக்கத்தில் அவர் விலகினார். அதே ஆண்டில், ஈழத்திலிருந்து அகதிகளாகச் சென்ற பெற்றோருக்குக் கனடாவில் பிறந்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், சுமார் 15,000 பேரிலிருந்து தேர்வு பெற்று தேவியாக வந்தார். இது சிறிய மாற்றமல்ல.

ஆயினும் ஒரு நெருடல். தமிழ்க் குடும்பம் கொண்டாடும் அந்த விழாவுக்குத் தொடர் சூட்டும் பெயர் ‘கணேஷ் பூஜை’. நம் வீடுகளில் அது பிள்ளையார் சதுர்த்தி. குஜராத்தியரும் தெலுங்கரும் தமிழரும் ஒரே கூடத்தில் கூடும் ஊரில் பொதுப்பெயர் தேவைப்படலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தாவணியைச் சரியாக உடுத்தியவர்கள் பெயரில் மட்டும் ஏன் சோர்ந்தார்கள் என்ற கேள்வி அப்படியும் நிற்கிறது. (தாவணி விஷயத்தில் நாமும் பெருமைப்பட முடியாது. காஞ்சிபுரத்திலும் அது விழாநாள் உடையாகிவிட்டது.)

பெயரில் என்ன இருக்கிறது என்று இந்த ஊரில் கேட்க முடியாது. கோர்வை என்ற முறையில், உடலையும் கரையையும் தனித்தனி நாடாக்களால் நெய்து ஒன்றோடொன்று பிணைப்பார்கள். அதற்குத் தறியில் இருவர் வேண்டும். விசைத்தறியில் ஒரே வீச்சில் ஓடும் சேலையும் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஏறத்தாழ அப்படியே தெரியும். இரண்டையும் வாங்குபவருக்குப் பிரித்துக் காட்டுவது பெயர்தான். அதற்காகவே 2005-06-இல் ‘காஞ்சிபுரம் பட்டு’ புவிசார் குறியீடு பெற்றது. கடைகளிலும் இணையத்திலும் பெரும்பாலும் புழங்குவதோ ‘காஞ்சீவரம்’. 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாக ஈட்டுபவை. போலிச் சேலையின் இழப்பு இறங்குவது இத்தகையோர் தலையில்தான்.

தேவியின் தாவணி எந்தத் தறியில் நெய்தது என்று ஒரு நகைச்சுவைத் தொடர் விசாரிக்க வேண்டியதில்லை. ஆனால் தேவியின் வயதுப் பெண்கள் நாளை தங்கள் திருமணத்துக்குப் பட்டு வாங்கும்போது ‘இந்தியப் பட்டு’ என்ற சொல்லோடு நின்றுவிட்டால், அந்த இடத்தில் எதையும் விற்கலாம். இந்தியக் குறியீடு அமெரிக்காவில் தானாகச் செல்லுபடியாகாது. உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தமும் கூடுதல் பாதுகாப்பை ஒயின், மதுவகைகளுக்கு மட்டுமே தருகிறது. பிற பொருள்களுக்கும் அதை விரிவாக்க வேண்டும் என்பது இந்தியாவின் நெடுநாள் கோரிக்கை.

அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்தியத் தேயிலை வாரியம் ‘டார்ஜிலிங்’ என்ற பெயரை அமெரிக்காவிலேயே சான்றுக் குறியாகப் பதிவு செய்து காத்துவருகிறது. காஞ்சிபுரத்துப் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களும் மாநிலக் கைத்தறித் துறையும் முன்னெடுக்க வேண்டிய பணி இதுவே. அந்தச் சான்றுக் குறியில் பொறிக்கும் பெயர் ‘காஞ்சிபுரம்’ என்றே இருக்கட்டும்.