ஆடு நனைந்தால் யார் அழுவது?

"ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்" என்பது பழமொழி. ஆட்டை வளர்ப்பவன் அழவேண்டாமா என்று எவரும் கேட்பதில்லை. நான் அழுதவன், ஆதலால் கேட்கிறேன்.

பாலக்காட்டின் கிழக்கோரம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஊர். சிறுவனாக இருந்தபோது கோவைக் குறும்பைக் குட்டி ஒன்று எனக்குக் கிடைத்தது. ஒரு விருந்து நாளில், அன்பு மிகுதியால், மிஞ்சிய சோற்றை அதற்கு வயிறு முட்ட ஊட்டினேன். மறுநாள் அது எழவில்லை. ஆட்டின் இரைப்பை புல்லுக்கும் தழைக்கும் பழகியது. திடீரென மாவுப்பொருள் நிறைந்தால் உள்ளே அமிலம் பெருகி உயிரைக் குடித்துவிடும். செல்லம் என்று நான் கொடுத்தது நஞ்சாயிற்று!

தோழர்களே, அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். முதன்முதலாகச் செம்மறி வளர்க்க விரும்புவோர்க்குச் சொல்வேன்: ஒன்றாக வாங்காதீர்கள், இரண்டாக வாங்குங்கள். மந்தையில் வாழப் பிறந்த உயிருக்குத் தனிமை கொடுமை. மழை மறைவான மறையூருக்குப் பொருந்தும் கொட்டகை, மழை கொட்டும் மூணாற்றுக்குப் பொருந்தாது. ஈரத்தரையில் குளம்பு அழுகும். மேடான, உலர்ந்த இடம் வேண்டும். துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லிக்கும் தடுப்பூசி உண்டு, குடற்புழுவுக்கு மருந்துண்டு. மழைக்காலம் வருமுன்பே கால்நடை மருத்துவரைக் கேளுங்கள். மாட்டுக்குரிய தாது உப்பைக் கொடுக்காதீர்கள். அதிலுள்ள செம்பு செம்மறிக்கு ஆகாது.

இத்தனை தொல்லையா என்கிறீர்களா? வாயில்லா உயிரை வீட்டுக்கு அழைப்பவன் அதன் வயிற்றையும் குளம்பையும் அறிந்த பிறகு அழைக்கட்டும். இல்லையேல், ஓநாயின் கண்ணீருக்கும் நம் கண்ணீருக்கும் என்ன வேறுபாடு?