கதவு திறந்திருக்கிறது, தயக்கம் ஏன்?

பெங்களூரில் சனிக்கிழமைகளில் ஏதாவதொரு கம்பெனியின் கூடத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமர்கள் கூடிப் பேசுவது வழக்கமாகிவிட்டது. பைத்தான் மொழியில் வேலை செய்வோரின் 'பாங்பைப்பர்ஸ்' இத்தகைய குழுக்களில் ஒன்று. 2001-ல் லினக்ஸ் ஆர்வலர்களின் மாநாடு நடந்ததும், 2009-ல் இந்தியாவின் முதல் பைத்தான் மாநாடு இந்திய விஞ்ஞானக் கழகத்தில் கூடியதும் இந்நகரில்தான்.

மாதக் கூட்டங்களுக்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. பட்டம் கேட்பாரும் இல்லை. பெயரை முன்கூட்டியே பதிவு செய்தால் போதும். ஒருவர் தாம் செய்த வேலையை விளக்குவார். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி தேநீர் இடைவேளையில் காதில் விழும்.

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் குடியிருக்கும் தொழிலாளர், குமாஸ்தாக்களின் பிள்ளைகளுக்கே இந்த வாய்ப்பு அதிகம் தேவை. கம்பெனிகளில் அவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்ல உறவினர் யாரும் இல்லை. கடன் வாங்கிப் பயிற்சி நிலையத்தில் பணம் கட்டத் துணிகிறவர்கள், ஆங்கிலம் தடுமாறுமே என்று இலவசக் கூட்டத்துக்குப் போகக் கூசுகிறார்கள். இக்கூச்சம் வேண்டியதில்லை. முதல் இரண்டு கூட்டங்களில் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாலும் லாபமே.

பொறுப்பு ஒரு தரப்பினருடையது மட்டுமல்ல. கூட்டம் நடத்துவோர் சில கூட்டங்களையாவது புதியவர்களுக்கென ஒதுக்கி, கன்னடமும் தமிழும் கலந்து எளிமையாக, பஸ் வசதியுள்ள இடத்தில் நடத்த வேண்டும். சனிக்கிழமை ஊர் சுற்றப் போகிறான் என்று பெற்றோரும் பிள்ளையைத் தடுக்கலாகாது. திறந்திருக்கும் கதவால் பயன்பெற, உள்ளே நுழைய வேண்டும்.