பிழையான ஆங்கிலமும் பெயர் மாறிய காணியும்

'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின் 'அபவுட்' வரலாமா? 'ரிவர்ட்' என்று எழுதிய பின் 'பேக்' எதற்கு? நம் படித்த பெருமக்கள் ஓயாது நடத்தும் வழக்கு இது. அட்டாளைச்சேனையிலோ கல்முனையிலோ ஓர் இளைஞன் எழுதிய ஆங்கிலக் கடிதத்தில் ஒரு சொல் தவறிவிட்டாற் போதும். கடிதத்தின் பொருளை விட்டுவிட்டு, அவன் படித்த பாடசாலையை எடைபோடத் தொடங்கிவிடுகின்றனர். சிங்கள இளைஞர்கள் ஆங்கிலத்துக்குக் 'கடுவ', அதாவது வாள், என்று பெயர் சூட்டியது காரணமின்றியா?

வெள்ளையர் நம் சொற்களை எடுத்தாண்ட விதத்தைப் பாருங்கள். மிளகுத் தண்ணீர் 'மல்லிகடானி' ஆயிற்று. சுருட்டு 'செரூட்' ஆயிற்று. வயலுக்கு நீர் திருப்பும் அணைக்கட்டு 'அனிகட்' ஆகி, நீர்ப்பாசன ஏடுகளில் இன்றும் அவ்வாறே வழங்குகிறது. இவற்றைப் பிழையென்று எவரும் நகைக்கவில்லை. அகராதியில் ஏற்றி வைத்தனர். ஆண்டவர் சிதைத்தால் அகராதி, ஆளப்பட்டவர் சிதைத்தால் அறியாமையாம்!

ஆயினும் குடியைக் கெடுக்கும் சொற்பிழை ஒன்று உண்டு. அதைப் பற்றித்தான் எவரும் வாதாடுவதில்லை. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு முதலில் வழங்குவது 'பெர்மிட்', அனுமதிப்பத்திரம். நிபந்தனைகள் நிறைவேறிய பின் வழங்குவது 'கிராண்ட்', அளிப்பு. விரும்பியவாறு விற்கவும் ஈடுவைக்கவும் இடந்தரும் 'டீட்', உறுதி, இவ்விரண்டினும் வேறானது. நம் விவசாயிகளிற் பலரோ மூன்றையும் உறுதி என்றே சொல்கின்றனர். ஜயபூமி அளிப்புக்கு 'ஜயபூமி உறுதி' என்பது ஊர் வழக்கு. அந்தச் சொல்லை நம்பி, பிரதேச செயலாளரின் எழுத்துமூல இசைவின்றிக் காணி வாங்கியவர், பணமும் கொடுத்துப் பயிரும் செய்து, ஈற்றில் நீதிமன்றப் படியில் நிற்கின்றார். அந்தக் கைமாற்றம் சட்டத்திற் செல்லாது. அவருக்கு 'அபவுட்' பற்றி என்ன கவலை?

1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. 1988 இன் பதினாறாம் திருத்தம் அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் நமக்கு உரிமை தந்தது. அவ்வுரிமையைப் பெட்டியில் பூட்டிவிட்டு, தெரியாத ஆங்கிலத்தில் மனு எழுதி, ஏளனத்தையும் வாங்கிக்கொள்கிறோமே, வெட்கம்!

படித்த பெருமக்களே, அடுத்த பெரும்போகத்துக்கு முன் உங்கள் ஊர் விவசாயியின் பத்திரத்தை வாங்கிப் பாருங்கள். அது அனுமதியா, அளிப்பா, உறுதியா என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். ஐயமிருந்தால் பிரதேச செயலகத்துக்குத் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள்.